நடுவானில் ஒரு இன்ஜின் நின்றால்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், உறுப்பினரும் ஓய்வு பெற்ற விமானியுமான ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அவர் கேட்டுக்கொண்டபடி பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது.)



தண்ணீர் லாரிக் கணக்கும் மழைநீர் வடிகால் விஷயமும் முடிந்த பிறகு, 'இருபது நிமிஷம் ஏதாவது பேசுங்க சார்' என்று தலைவர் சொன்னார். என்ன பேசுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. போன மாதம் மாலை நடைப்பயிற்சியில் நம் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு அம்மா கேட்ட கேள்விக்கு அங்கே சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதை இங்கே சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

அவருடைய மகளுக்குச் சிங்கப்பூரில் பிரசவம். போவதற்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். 2025 ஜூன் 12-ஆம் தேதி அகமதாபாத்தில் விமானம் விழுந்தது. அந்த வாரமே டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார். இப்போது பேரன் குப்புற விழ ஆரம்பித்துவிட்டானாம். போனில்தான் பார்க்கிறார். 'சார், மேலே போனதுக்கப்புறம் இன்ஜின் நின்னுட்டா என்ன சார் ஆகும்?' என்று கேட்டார்.

அகமதாபாத் விபத்தில் விமானத்தில் இருந்த 242 பேரில் 241 பேரும், தரையில் இருந்த 19 பேரும் இறந்துபோனார்கள். அதன் இறுதி அறிக்கை வராமல் அதைப் பற்றி நான் எதுவும் பேச மாட்டேன். வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அம்மா கேட்டது வேறு கேள்வி. பறந்துகொண்டிருக்கும்போது ஒரு இன்ஜின் கெட்டுப்போனால் காக்பிட்டில் என்ன நடக்கிறது? அதை எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

ஒரு இன்ஜின் போதுமா?

போதும். இரண்டு இன்ஜின் உள்ள பயணிகள் விமானம் எதுவாக இருந்தாலும், ஒன்று நின்றுபோனால் மற்றொன்றை வைத்துக்கொண்டு பறக்க முடியும் என்று காட்டிய பிறகுதான் அதற்குச் சான்றிதழே கிடைக்கும்.

ஆபத்து அதிகமான நேரம் கிளம்பும் நேரம். சென்னையின் பெரிய ஓடுபாதை ஏறக்குறைய 3.6 கிலோமீட்டர். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும், அன்றைய எடை, வெயில், காற்று இவற்றை வைத்து ஒரு வேகத்தைக் கணக்குப் போட்டு வைத்திருப்போம். அதற்கு வி-ஒன் என்று பெயர். அந்த வேகத்துக்கு முன்னால் இன்ஜின் நின்றால் பிரேக் பிடித்து நிறுத்திவிட வேண்டும். அந்த வேகத்தைத் தாண்டிவிட்டால் நிறுத்தக் கூடாது, மேலே போய்விட வேண்டும். ஏனென்றால் மிச்சம் இருக்கிற ஓடுபாதையில் வண்டி நிற்காது. ஆனால் ஒரு இன்ஜினை வைத்தே அது மேலே ஏறும். கிளம்புகிற விமானத்தில் கேப்டனின் கை த்ராட்டில் மேல் இருக்கும். வி-ஒன் சொன்னதும் அந்தக் கையை எடுத்துவிடுவார். இனி நிறுத்துகிற பேச்சே இல்லை என்பதற்கு அதுதான் அடையாளம்.

35,000 அடியில் இன்ஜின் நின்றால், அந்த உயரத்தைத் தக்கவைக்க ஒரு இன்ஜினால் முடியாது. மெதுவாக இருபதாயிரம் சொச்சம் அடிக்கு இறங்கி, அங்கிருந்து நேராகப் பறக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு இரைச்சல் மாறியது தெரியும், மூக்கு கொஞ்சம் தாழ்ந்தது தெரியும். பலருக்கு அதுவும் தெரியாது.

கடலுக்கு மேல் என்றால்? அதற்கும் கணக்கு இருக்கிறது. ஒரு இன்ஜினை வைத்துக்கொண்டு குறிப்பிட்ட நேரத்துக்குள் போய்ச் சேரும் தூரத்தில் ஒரு விமான நிலையம் இருக்கும்படிதான் பாதையைப் போடுவார்கள். சாதாரணமாக 60 நிமிடம். தனியாக அனுமதி பெற்ற விமானத்துக்கு 120, 180 நிமிடம் என்று போகும். வங்காள விரிகுடாவைத் தாண்டிச் சிங்கப்பூர் போகும் விமானத்துக்கும் இந்தக் கணக்கு உண்டு.

அப்படியானால் பயப்பட ஒன்றுமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அது இன்ஜினில் இல்லை, எங்களிடம் இருக்கிறது. அதைச் சொல்ல என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். இதை என் வீட்டிலேயே இத்தனை நாள் சொன்னதில்லை.

என் கை போன இடம்

தொண்ணூறுகளின் ஆரம்பம். நான் துணை விமானி. போயிங் 737. சென்னையிலிருந்து தெற்கே போகும் இரவு விமானம். கேப்டன் திருநெல்வேலிக்காரர். அன்று ஓட்டியது நான், மேற்பார்வை அவர். கிளம்பி, கடலுக்கு மேல் வலது பக்கம் திரும்பி ஏறிக்கொண்டிருந்தோம். கீழே நம் மாமல்லபுரம் கலங்கரை விளக்கம் சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருந்தது. இன்று என் மொட்டை மாடியிலிருந்து பார்க்கிற அதே விளக்குதான்.

'தொம்' என்று ஒரு சத்தம். விமானம் அதிர்ந்தது. மூக்கு இடது பக்கம் இழுத்தது. நான் வலது காலால் பெடலை அமுக்கி நேராக்கினேன். அதுவரை சரி. அடுத்த நொடி என் கை வலது இன்ஜின் லீவரைப் பிடித்துப் பின்னால் இழுக்கப் போனது.

கெட்டுப்போனது இடது இன்ஜின்.

ஏன் கை வலது பக்கம் போனது? என் வலது கால் முழு பலத்தோடு அமுக்கிக்கொண்டிருந்தது. மனசு முழுக்க வலது பக்கமே இருந்தது. உண்மையில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடமே அதற்கு நேர்மாறு. எந்தக் கால் சும்மா இருக்கிறதோ அந்தப் பக்கத்து இன்ஜின்தான் செத்தது. பயிற்சியில் பத்து முறை சரியாகச் சொன்னவன்தான் நான்.

கேப்டன் என் கையின் மேல் தன் கையை வைத்தார். கத்தவில்லை. 'கைய எடுலே. மொதல்ல வண்டிய ஓட்டு' என்றார்.

எடுத்துவிட்டேன். சிறகு நேராக இருக்கிறதா, வேகம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

'இப்ப சொல்லு, எந்தப் பக்கம்?'

'ரைட், சார்.'

'திரும்பப் பாரு.'

பார்த்தேன். இடது இன்ஜினின் சூடு சிவப்புக் கோட்டைத் தாண்டியிருந்தது. சுற்று குறைந்திருந்தது. வலது பக்கத்து முட்கள் எல்லாம் அசையாமல் இருந்தன.

'லெஃப்ட், சார்.'

'இப்ப நானும் ஒத்துக்கிடுதேன். லெஃப்ட். செய்.'

சத்தம் கேட்டதிலிருந்து லீவரை இழுக்கும்வரை ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிடத்தில் எதுவும் கெட்டுப்போகவில்லை. திரும்பிச் சென்னையில் இறங்கினோம். தீயணைப்பு வண்டிகள் கூடவே ஓடி வந்தன, வேலை இல்லாமல் திரும்பிப் போயின. இறங்கும்போது ஒரு பாட்டி, 'ஏன் தம்பி, ஏதாவது மறந்து வச்சுட்டு வந்துட்டீங்களா?' என்று கேட்டார்.

கேப்டன் அன்று கையை வைக்காமல் இருந்திருந்தால், நல்ல இன்ஜினை நானே நிறுத்தியிருப்பேன்.

அது உண்மையிலேயே நடந்திருக்கிறது

இங்கிலாந்தில், 1989 ஜனவரி 8. லண்டனிலிருந்து பெல்ஃபாஸ்ட் போன பிரிட்டிஷ் மிட்லண்ட் விமானம். போயிங் 737-400, அப்போது புத்தம் புது ரகம். இடது இன்ஜினில் ஒரு விசிறித் தகடு உடைந்தது. அதிர்வு, காக்பிட்டில் புகை வாடை. விமானிகள் வலது இன்ஜின் என்று நினைத்து அதை நிறுத்திவிட்டார்கள். தற்செயலாக அதே நேரத்தில் அதிர்வும் குறைந்தது. சரியானதைத்தான் செய்தோம் என்று நம்பிவிட்டார்கள். கடைசியில் ஓடுபாதைக்கு முன்னால் இடது இன்ஜினும் விட்டுப்போனது. கெக்வொர்த் என்ற ஊருக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலைக் கரையில் விமானம் மோதியது. 126 பேரில் 47 பேர் இறந்தார்கள்.

இதில் என்னை இன்றும் உறுத்துவது வேறு ஒன்று. வலது இன்ஜினில் கோளாறு என்று கேப்டன் மைக்கில் அறிவித்தார். இடது பக்கத்திலிருந்து நெருப்பு வந்ததைப் பார்த்த பயணிகள் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். 'நாம் பார்த்தது இடது பக்கமாச்சே' என்று குழம்பினார்கள். ஆனால் யாரும் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டார்கள்.

இப்போது நம் நாட்டுக் கதை ஒன்று. 2022 ஜூன் 19. பாட்னாவிலிருந்து டெல்லி கிளம்பிய ஸ்பைஸ்ஜெட் விமானம், 185 பயணிகள். கிளம்பும்போதே பறவை மோதி இடது இன்ஜினிலிருந்து தீப்பொறி வந்தது. கீழே ஊர்க்காரர்கள் பார்த்துத் தகவல் சொன்னார்கள். விமானத்துக்குள் பணிப்பெண்கள் பார்த்துக் காக்பிட்டுக்குச் சொன்னார்கள். கேப்டன் மோனிகா கன்னா அந்த இன்ஜினை நிறுத்திவிட்டு, ஒரு இன்ஜினில் சுற்றி வந்து பாட்னாவிலேயே இறக்கினார். பாட்னா ஓடுபாதை நீளம் குறைந்தது, எங்களுக்கெல்லாம் அதன் மேல் ஒரு மரியாதை உண்டு. யாருக்கும் காயமில்லை. சோதித்துப் பார்த்தபோது விசிறித் தகடுகள் சேதமாகியிருந்தன.

இரண்டு சம்பவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் கெட்டது ஒரே ஒரு இன்ஜின்தான். ஒன்றில் அவசரமாக முடிவெடுத்தார்கள், பார்த்தவர்கள் பேசவில்லை. மற்றதில் பார்த்தவர்கள் சொன்னார்கள், காதில் வாங்கி நிதானமாகச் செய்தார்கள்.

அதனால்தான் இன்று இன்ஜினை நிறுத்தும் எந்த லீவரையும் ஒருவர் தனியாகத் தொடக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். ஒருவர் கையை வைத்து 'இதுதானே' என்று கேட்க வேண்டும். மற்றவர் பார்த்து 'ஆமாம்' என்று சொன்ன பிறகுதான் இழுக்க வேண்டும். வரிசையும் மாறாது. முதலில் விமானத்தைப் பறக்க வை, பிறகு எங்கே போவது என்று பார், அதற்குப் பிறகு ரேடியோவில் பேசு. இதை ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிமுலேட்டரில் செய்து காட்ட வேண்டும். நான் ஓய்வு பெறும் வருஷம்வரை செய்தேன். ஒவ்வொரு முறையும் அந்தத் திருநெல்வேலிக் குரல் காதில் கேட்கும்.

நான்கும் நின்றபோது

எல்லா இன்ஜினும் நின்றால்? அதற்கும் ஒரு சம்பவம், அதில் நம் மெட்ராஸுக்கும் ஒரு சம்பந்தம். 1982 ஜூன் 24. பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 9. லண்டனிலிருந்து பம்பாய், மெட்ராஸ், கோலாலம்பூர் வழியாக ஆஸ்திரேலியா தாண்டி நியூசிலாந்து போகும் ஜம்போ. மீனம்பாக்கத்தில் நின்று போன வண்டிதான் அது. கோலாலம்பூரில் விமானிகள் மாறினார்கள். கேப்டன் எரிக் மூடி. உள்ளே 260 பேருக்கு மேல்.

ஜாவாவுக்குத் தெற்கே, இரவில், 37,000 அடியில் நான்கு இன்ஜின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பலுக்குள் போய்விட்டிருந்தார்கள். இருட்டில் சாம்பல் தெரியவில்லை, ரேடாரிலும் தெரியவில்லை. ஏன் நின்றது என்று அவர்களுக்குக் கடைசிவரை தெரியாது. நான்கும் நின்றுவிட்டன, மறுபடி ஓட வைக்க முயன்றுகொண்டிருக்கிறோம் என்று கேப்டன் பயணிகளிடம் ஒளிக்காமல் சொன்னார்.

இன்ஜின் இல்லாத விமானம் கல் மாதிரி விழாது. ஒரு அடி இறங்கினால் ஏறக்குறைய பதினைந்து அடி முன்னால் போகும். மாமல்லபுரத்துக்கு மேல் 35,000 அடியில் எல்லாம் நின்றால், காற்று ஒத்துழைத்தால் சிதம்பரம் பக்கம்வரை மிதந்து போய்விடலாம். அந்த நேரத்தில் அவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. மறுபடி ஓட வைக்கும் அதே செக்லிஸ்டைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். சாம்பலை விட்டு வெளியே வந்ததும், 13,500 அடி வாக்கில் ஒரு இன்ஜின் பிடித்தது, பிறகு மற்றவையும். கண்ணாடி உப்புத்தாள் தேய்த்தது போல் ஆகிவிட்டதால், ஓரத்தில் தெரிந்த கொஞ்ச இடத்தின் வழியாகப் பார்த்து ஜகார்த்தாவில் இறக்கினார்கள். எல்லோரும் பிழைத்தார்கள். எரிமலைச் சாம்பல் பற்றி உலகம் முழுக்க விமானங்களுக்கு எச்சரிக்கை கொடுக்கும் ஏற்பாடு பிறகு வந்ததற்கு அந்த இரவும் ஒரு காரணம்.

நாம் செய்ய வேண்டியது

பயணியாக நீங்கள் செய்யக்கூடியது நான்கே நான்கு.

ஒன்று, உட்கார்ந்திருக்கும்வரை பெல்ட்டைப் போட்டே வைத்திருங்கள்.

இரண்டு, உட்கார்ந்ததும் அவசர வழி உங்களிடமிருந்து எத்தனை வரிசை தள்ளி இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள், முன்னாலும் பின்னாலும். புகையில் கண் தெரியாது, கைதான் எண்ணும்.

மூன்று, வெளியேறச் சொன்னால் பையைத் தொடாதீர்கள். 2016 ஆகஸ்ட் 3-ஆம் தேதி திருவனந்தபுரத்திலிருந்து துபாய் போன எமிரேட்ஸ் விமானம் ஓடுபாதையில் விழுந்து தீப்பிடித்தது. இறங்கும்போது மறுபடி மேலே எழ முயன்றார்கள், ஆனால் இன்ஜின்களின் வேகம் கூட்டப்படவில்லை. 300 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். ஆனால் உள்ளே எடுத்த வீடியோவைப் பார்த்தால் வயிறு கலங்கும். புகைக்குள் நின்றுகொண்டு மேலே இருக்கும் பெட்டியை எடுக்கிறார்கள், லேப்டாப்பைத் தேடுகிறார்கள். சில நிமிடங்களில் விமானம் வெடித்தது. ஒரு தீயணைப்பு வீரர் அதில் உயிரிழந்தார். பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையிலோ கழுத்துப் பையிலோ வைத்துக்கொண்டால் இந்தக் கவலையே வேண்டாம்.

நான்கு, ஜன்னல் வழியாக நெருப்போ, எண்ணெய் வழிவதோ தெரிந்தால் பணிப்பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் என்றும் சொல்லுங்கள். கெக்வொர்த்தில் யாரும் சொல்லவில்லை.

குடியிருப்போராக நாம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. பாட்னாவில் இன்ஜினைக் கெடுத்தது பறவை. 2009-இல் நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றில் விமானம் இறங்கியதும் வாத்துக் கூட்டம் மோதி இரண்டு இன்ஜினும் போனதால்தான். நம் மாவட்டத்தில் வேடந்தாங்கல் இருக்கிறது, பறவைகள் நம் விருந்தாளிகள், அவற்றின் மேல் குற்றமில்லை. விமானப் பாதைக்குப் பருந்தையும் காக்கையையும் இழுப்பது கொட்டிவைத்த குப்பையும் இறைச்சிக் கழிவும். விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் பறவைகளை இழுக்கும் குப்பை, இறைச்சிக் கழிவு, மீன் கழிவு கொட்டக் கூடாது என்று 1937-இன் விமான விதிகளிலேயே, 91-ஆம் விதியில் இருக்கிறது. நாம் அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறோம். ஆனால் நம்மில் பாதிப் பேருக்குப் பல்லாவரத்திலும் பம்மலிலும் அனகாபுத்தூரிலும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அங்கே சாலையோரத்தில் கோழிக்கழிவு மூட்டை கிடந்தால் புகைப்படம் எடுத்து மாநகராட்சிக்குப் புகார் செய்யச் சொல்லுங்கள். நம் தெரு முனையில் கிடந்தாலும் எடுக்கச் சொல்லத்தானே போகிறோம்.

கேள்வி நேரத்தில் இரண்டு

கேள்வி: 'பான் பான்' என்று செய்தியில் வந்ததே, 'மே டே'யிலிருந்து அது எப்படி வேறு?

பதில்: உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மே டே. பிரச்சினை இருக்கிறது, முன்னுரிமை கொடுங்கள், ஆனால் நிலைமை கையில்தான் இருக்கிறது என்றால் பான் பான். 2025 ஜூலை 16-ஆம் தேதி டெல்லியிலிருந்து கோவா போன இண்டிகோ விமானம் ஒரு இன்ஜின் கோளாறால் பான் பான் சொல்லி மும்பையில் பத்திரமாக இறங்கியது. அந்த வார்த்தையைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். சொல்ல வேண்டியதைச் சொல்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

கேள்வி: இன்ஜினுக்குள் கோழியை வீசிச் சோதிப்பார்களாமே, உண்மையா?

பதில்: உண்மை. இறந்த பறவைகளை ஓடும் இன்ஜினுக்குள் வீசிச் சோதிப்பார்கள். பெரிய பறவை விழுந்தால் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதில்லை. வெடித்துச் சிதறாமல், பத்திரமாக நிறுத்த முடிகிற மாதிரி இருக்க வேண்டும். மிச்சத்தை மற்ற இன்ஜின் பார்த்துக்கொள்ளும்.

அந்த அம்மா இங்கே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். போங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை அம்மா, அது உங்கள் முடிவு. முன்னால் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரில் ஒருவர் கை தப்பான இடத்துக்குப் போனாலும் மற்றவர் கை அதன் மேல் வந்து விழும்படிதான் அந்த வேலையைப் பழக்கியிருக்கிறார்கள். நான் இன்று உங்கள் முன்னால் நின்று பேசுவதே அதற்குச் சாட்சி.

டீ ஆறிவிடும்.